கைப்பிடிக்குப் பக்கத்தில்

மூன்றாவது மாடியில் சமையலறையை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். அந்த வீட்டுக் குழாய் வருஷக்கணக்கில் ஒழுகி, கீழே என் வீட்டுக் கூரையில் ஒரு யானைப் படமே வரைந்து வைத்திருந்தது. ஒருவழியாக யானைக்கு விடிவுகாலம் வந்தது என்று நினைத்தேன். ஆனால் டாக்டரம்மா சமையலறையைப் புதுசாக்கவில்லை. பழசாக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா என்றதும் ஊசி போடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். பல் பிடுங்குவது புருஷன், பட்டம் மட்டும் இவளுக்கு.

“அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி கிச்சன் எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும் ஆன்ட்டி. ஒரு கரண்டிகூட இந்தக் காலத்துல செஞ்சதா இருக்கக் கூடாது.”

“அந்தக் காலத்துல பாதி நாள் கரண்ட் இருக்காது. அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டியா?”

சிரித்தாள். அவளிடம் இருக்கிற கஷ்டமே அதுதான். எவ்வளவு குத்தினாலும் சிரிப்பாள். கோபப்படாதவளைச் சீண்டுவதில் என்ன ருசி இருக்கிறது?

சாமான்கள் ஒவ்வொன்றாகப் படியேறின. தரைக்குக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள். மூன்று திருகு வைத்த எனாமல் அடுப்பு. பீரங்கி மாதிரி ஒரு மாவு கலக்கும் மெஷின். சுழற்றுகிற டெலிபோன், ஆனால் ஒயர் கிடையாது. ஒரு பெரிய மர ரேடியோ வந்தது. அதற்கு வயிற்றில் ஒன்றுமே இல்லை. செல்போன் பாடும், அது வாயசைக்கும். எல்லாம் அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ குப்பையில் போட்டவை. இவள் ஊர் ஊராகத் தேடிப் பிடித்துக் குளிப்பாட்டி வைத்தாள். ஃப்ரிட்ஜ் மட்டும் கிடைக்கவில்லை. தோள்பட்டை உருண்டையாக, காரின் கதவு மாதிரி இழுத்துத் திறக்கிற கைப்பிடியோடு வேண்டுமாம்.

அது என் எதிர்வீட்டிலேயே இருந்தது.

எதிர்வீட்டில் இருப்பவர் லிஃப்ட்காரர். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடாததற்கு அவரைக் கேட்டால், “எனக்குத்தான் ரிட்டயர்மெண்ட், அதுக்கும் குடுத்துட்டாங்க போல” என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் ‘சத்தம் வருது’, ‘கதவு மூடல’ என்று குறைகளைச் சொல்லியும் கேட்டுமே பழகிய வாய். சொந்த விஷயத்தையும் அப்படித்தான் சொல்லுவார். மகன் வெளியூருக்கு வேலைக்குப் போன அன்று, “வீட்டுல எதிரொலி ஜாஸ்தியா இருக்கு” என்றார். அழுகிறார் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அவருக்கும் சேர்த்துப் பேசியவள் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். போன மழைக்காலத்தில் போய்விட்டாள். காலையில் என்னிடம் காய்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவள், மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தவாறே இருந்தாள், அவ்வளவுதான்.

அந்த ஃப்ரிட்ஜ் அவர்கள் கல்யாணத்துக்கு வாங்கியது. அப்போதே இன்னொருவரிடமிருந்து கைமாறிய சரக்கு. மோட்டார், கம்பி, கதவு ரப்பர் என்று உள்ளே இருந்ததையெல்லாம் லிஃப்ட்காரர் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். மாறாதது வெளிக்கூடும் கதவும்தான். அக்காவுக்கு எப்போதும் வலது கையில் கரண்டியோ பிள்ளையோ இருக்கும். இடது கையால்தான் கதவை இழுப்பாள். அப்போது அவள் மோதிரம் கைப்பிடிக்குப் பக்கத்தில் உரசும். உரசி உரசி வெள்ளைப் பெயிண்ட் போய், புளியங்கொட்டை அளவுக்கு இரும்பு தெரிந்தது. துரு ஏறாமலிருக்க அக்கா அதன்மேல் நகப்பாலிஷ் தடவுவாள், சிவப்பு. அதையும் மோதிரம் தேய்க்கும், மறுபடி தடவுவாள்.

“விரலுக்கு ஒருநாளும் போட்டதில்லை, ஃப்ரிட்ஜுக்குப் போடுறியே அக்கா?” என்று கேட்டிருக்கிறேன்.

“என் விரலை யாரு பாக்குறா? உங்க அண்ணன் இதைத்தான்டி தினம் பாக்குறாரு” என்பாள்.

அவள் போன பிறகு நான் காலையில் காப்பி கொடுக்கப் போவேன். காப்பி கொடுப்பது சாக்கு, மனுஷன் என்ன நிலைமையில் இருக்கிறார் என்று எட்டிப்பார்ப்பதுதான் உத்தேசம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். அப்படி எட்டிப்பார்த்தபோதுதான் கண்டேன். பாலை எடுக்க ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து நிற்பார். உடனே திறக்க மாட்டார். அந்தப் புளியங்கொட்டை மேல் கட்டைவிரலை வைப்பார். கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகுதான் கதவு திறக்கும்.

மகன் விடுமுறைக்கு வந்தான். நல்ல பையன், அதில் குறை சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. அப்பா தனியாக இருக்கிறாரே என்று வீட்டை ஒழுங்குபடுத்தினான்.

“என்னப்பா இது, லாரி ஓடுற மாதிரி உறுமுது? இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க?”

“கொஞ்சம் சத்தம் வரும்” என்றார் லிஃப்ட்காரர்.

மகன் அதைப் புகார் என்று எடுத்துக்கொண்டான். புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப்பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குச் சத்தமில்லாத ஃப்ரிட்ஜ். பழையதை டாக்டரம்மாவுக்குச் சும்மாவே கொடுத்தான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். லிஃப்ட்காரர் பின்னாலேயே, “கதவைக் கட்டுங்க, கதவைக் கட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே பாதிப் படி வரை போய் நின்றுவிட்டார்.

மேலே டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்தாள். நான் அந்தத் தேய்ந்த இடத்தைக் காட்டி, “இதை என்ன பண்ணப்போற?” என்று கேட்டேன்.

“ஐயோ ஆன்ட்டி, அதுதானே அழகு! உடம்புக்கு மட்டும் வெளிர்பச்சை அடிக்கப்போறேன். கதவைத் தொடவே மாட்டேன்.”

அப்படித்தான் சொன்னாள். என் காதால் கேட்டேன்.

மகன் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே லிஃப்ட்காரர் மாடியேற ஆரம்பித்தார். கையில் துணியும் சின்ன எண்ணெய்க் குப்பியும் இருக்கும். முட்டி வலிக்காரர், ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்.

“என்ன அங்கிள், இவ்வளவு தூரம்?”

“கதவுல ஒரு சின்ன ரிப்பேரும்மா. கைப்பிடிக்குப் பக்கத்துல பெயிண்ட் போயிருக்கு பாரு. ஈரம் பட்டா துரு புடிக்கும். நான் துடைச்சுட்டுப் போறேன்.”

துடைப்பார். துணி ஒரு பக்கம் துடைக்கும், கட்டைவிரல் அந்த இடத்திலேயே நிற்கும். காப்பி கொடுத்தால் குடிக்காமல் இறங்கிவிடுவார். அடுத்த நாளும் அதே படி, அதே ரிப்பேர். கட்டடத்தில் பேச்சு கிளம்பியது. சும்மா கொடுத்துவிட்டு இப்போது மனசில்லை, திருப்பிக் கேட்க வழி பார்க்கிறார் என்று கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் சொன்னாள். அவள் சொன்னதை நான் இரண்டு வீட்டுக்குச் சொன்னேன், நம்பி அல்ல, சும்மாதான்.

ஒருநாள் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

“அண்ணே, ரிப்பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?”

“என்னன்னு சொல்றது? என் பொண்டாட்டி மோதிரம் பட்ட இடத்தைத் தொட்டுப்பாக்கணும், கதவைத் திறன்னா? சிரிக்கும்மா.”

“அவ சிரிக்கிறவதான். ஆனா இதுக்குச் சிரிக்க மாட்டா.”

“நீ சொல்லிடாதே. உன் அக்கா மேல சத்தியம்.”

சத்தியம் வாங்கிவிட்டார். இந்தக் கட்டடத்தில் என் வாயில் தங்கிய ஒரே ரகசியம் அதுதான். தங்கக் கூடாத ஒன்றாகப் பார்த்துத் தங்கியது.

பெயிண்டர் வந்துபோன அந்த வாரம் நான் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பெட்டியை வைக்கக்கூட இல்லை, டாக்டரம்மா படியிறங்கி வந்தாள். சமையலறை முடிந்துவிட்டதாம். அங்கிளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். “அங்கிளுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு ஆன்ட்டி” என்றாள்.

மேலே போனோம். அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சதுரத் தரை பளபளத்தது. ரேடியோ எதையோ வாயசைத்துக்கொண்டிருந்தது. கெட்டில் விசிலடித்தது. மூலையில் ஃப்ரிட்ஜ் வெளிர்பச்சையில் நின்றது, உடம்பும் கதவும்.

“வாங்க அங்கிள், இதைப் பாருங்க! கதவை அப்படியே விட்டுடலாம்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க முட்டி வலியோட தினமும் ‘துரு புடிக்கும், துரு புடிக்கும்’னு ஏறி வர்றதைப் பாத்து எனக்குத் தாங்கல. உங்களுக்காகத்தான் அங்கிள். பெயிண்டர்கிட்ட இந்த இடத்தை விரல் வெச்சுக் காட்டி, பட்டி பாத்து, தேய்ச்சு, மூணு கோட் அடிக்கச் சொல்லிட்டேன். இனிமே நீங்க கவலையே பட வேணாம்.”

லிஃப்ட்காரர் கிட்டே போனார். கட்டைவிரலை வைத்தார். மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். கண் தெரியாதவர் படியைத் தேடுவதுபோல இருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை அளந்துகொண்டு மறுபடி அதே இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். வழுவழுவென்று இருந்திருக்கும்.

“எப்படி இருக்கு அங்கிள்?”

“நல்ல வேலை” என்றார். “இனிமே துரு வராது.”

அன்றைக்கு அவர் காப்பியை முழுசாகக் குடித்தார். மறுபடி வர வேண்டியதில்லையே, அதனால் இருக்கலாம்.

அதற்குப் பிறகு மாடியேறவில்லை. ரிப்பேர்தான் முடிந்துவிட்டதே, எந்த முகத்தோடு போவார்? சில நாள் கழித்து டாக்டரம்மாவே என்னிடம் வந்தாள். “அங்கிள் ஏன் வர்றதில்லை? பச்சை புடிக்கலையா?” என்றாள். சத்தியத்துக்கு இனி என்ன வேலை? சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தைச் சிரிப்பு இல்லாமல் பார்த்தேன். போனை எடுத்துப் பெயிண்டரைக் கூப்பிட்டாள். பெயிண்டை உரித்தால் பழையபடி வருமா என்று கேட்டாள். “மேடம், அடியில எல்லாம் சொரண்டிட்டுத்தான் பட்டி பாத்தேன். உரிச்சா வெறும் தகரம்தான் வரும்” என்றான் அவன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எனக்கும் கேட்டது.

அப்படியே எழுந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருப்பேனா?

கதவு திறந்தே இருந்தது. லிஃப்ட்காரர் புது ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடது கையால் இழுத்துத் திறந்தார். மூடினார். திறந்தார். உள்ளே ஒரு பால் பாக்கெட்டும் பாதி எலுமிச்சம்பழமும் தவிர ஒன்றும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவர் சுண்டுவிரலில் அக்காவின் மோதிரம் இருந்தது, முதல் கணுவுக்கு மேல் ஏறாமல். ஒவ்வொரு தடவையும் அதைக் கதவில் படுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தார். கதவில் ஒரு கீறல்கூட இல்லை. இந்தக் காலத்துப் பெயிண்ட், லேசில் போகாது.

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் பேசாமல் இருக்கத் தெரியாதே.

“என்னண்ணே, அதுலயும் ரிப்பேரா?” என்றேன்.

அவர் திரும்பவில்லை.

“கதவு இன்னும் பழகலம்மா” என்றார்.