பூ கேட்ட வெள்ளிக்கிழமை

இரண்டு பொட்டணத்திலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்தாள் சொர்ணலதா. அம்மனிடமே பித்தலாட்டம்!

வெள்ளை வந்தால், ராப்பகலாகப் போனில் விளையாடும் மகளை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. சிவப்பு வந்தால் வேண்டாம். கணவர் காளியப்பனின் முடிவு அது. கொள்ளேகாலை விட்டு மைசூருக்கு வந்து இருபது வருடமாகியும், எதற்கும் அம்மனிடம் பூ கேட்டே ஆக வேண்டும் அவருக்கு.

"டாக்டருங்களே ரெண்டு கட்சியா நிக்கறாங்க. ஒருத்தரு மனவியாதிங்கறாரு, இன்னொருத்தரு வெறும் பழக்கம்ங்கறாரு. நாமளே போயி மென்டல்னு சீட்டு வாங்கிட்டு வந்தா, நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" என்று நேற்றும் கத்தினார்.

"ஏனுங்க, கட்டறதுக்கு மொதல்ல அவ உசுரோட இருக்கோணுமில்லீங்க?"

செவ்வாய்க்கிழமை நடந்தது அவருக்குத் தெரியாது. மகள் மோகனப்ரியா சூடான தோசைக்கல்லை வெறுங்கையால் பிடித்துவிட்டாள். சொர்ணலதா ஓடிவந்தபோது, வெந்த கையாலேயே போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். கொப்புளம் உடைந்து திரையெல்லாம் ஈரம். இருபத்து மூன்று வயதுப் பெண் அழக்கூட இல்லை. "ஒந்து நிமிஷம்மா" என்றாள், கன்னடமும் தமிழுமாக. விஷயம் தெரிந்தால் அவர் மகளை அடிப்பார் என்று பயந்து சொர்ணலதா மறைத்திருந்தாள்.

பூசாரி அய்யாசாமி இரண்டு பொட்டணத்தையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்து, தட்டை நீட்டினார்.

"நீயே எடு அம்மிணி" என்றார் காளியப்பன்.

மோகனப்ரியா போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பார்வையைத் திருப்பாமலே வலது கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கச் சிவந்து உரிந்திருந்தது.

"கையி என்னாச்சு சாமி?" என்று மகளைக் கேட்டார் காளியப்பன்.

"ஒந்து நிமிஷப்பா."

அவள் எடுத்துக் கொடுத்ததைப் பூசாரி பிரித்தார். வெள்ளை.

காளியப்பனின் கண் மனைவியின் முகத்துக்குப் போனது. பிறகு தட்டுக்கு. மிச்சமிருந்த பொட்டணத்தை எடுத்தார்.

"அதைப் பிரிக்கற வழக்கமில்லீங்களே" என்றார் பூசாரி.

காளியப்பன் பிரித்தார். அதிலும் வெள்ளை. சன்னதி என்றும் பார்க்காமல் கை ஓங்குவார் என்று சொர்ணலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, அந்த வெள்ளைப் பூவை அவர் மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். மகளின் உரிந்த கையை விட்டு அவர் கண் நகரவில்லை.

"ஆட்டோ கூப்புடு சொர்ணா. நேரா ஆஸ்பத்திரிக்கு."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. எதற்கும் அசையாத மனுஷனே பயந்துவிட்டார் என்றால், மகளின் நிலை அவ்வளவு மோசமா?