மூளிப் பெட்டி

வசந்த் பார்டரைத் தாண்டிவிட்டான் என்ற சேதியை அவன் பொண்டாட்டி ஹேமலதா உடனே நம்பிவிட்டாள். தெரியாமல் தாண்டிவிட்டான் என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

சொன்னவர் எக்ஸ்போர்ட் மேனேஜர் அரங்கநாதன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஹேமலதாவுக்கு பேக்கிங் வேலை. தன் ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரை அங்க புடிச்சு வெச்சிருக்காங்க. லாரியில நம்ம பெட்டிங்க, கூடவே அவரு. பெட்டிக்கும் பேப்பர் இல்ல, அவருக்கும் விசா இல்ல."

வசந்த் அதே கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். ஷூ வாங்குகிறவர்களுடைய குடோன் வட அயர்லாந்தில் இருக்கிறது. சரக்கைப் பார்த்துக்கொள்ள கம்பெனிதான் அவனை அனுப்பியது. அது பிரிட்டன் மண். ரோடு அப்படியே போனால் அயர்லாந்து, அது ஐரோப்பிய யூனியன். பிரிட்டன் யூனியனை விட்டுக் கழன்றுகொண்ட பிறகு பிரிட்டனுக்கென்று இறக்கிய சரக்கு அந்தப் பக்கம் போகத் தனிப் பேப்பர் வேண்டும். அவனுக்குக் கிடைத்த விசாவும் அந்தப் பக்கம் செல்லாது. ஃபிளைட் ஏறும் வரைக்கும் இதையே சொல்லிச் சொல்லித்தான் அவனை அனுப்பினார்கள்.

"பார்டர்னே தெரியலன்னு சொல்றாராம். அங்க கேட்டு கிடையாதாம், போலீஸ் கிடையாதாம். போர்டுல மைல் போயி கிலோமீட்டர் வருமாம், அவ்ளோதானாம். உள்ள கொஞ்ச தூரம் போனப்புறம் கஸ்டம்ஸ் வேன் மடக்கிச்சாம்" என்றார் அரங்கநாதன்.

ஹேமலதா குடியாத்தத்துக்காரி. அங்கிருந்து சித்தூர் போகணும் என்றால் பரதராமியில் செக்போஸ்ட் உண்டு. தக்காளி வண்டியைக்கூட ஓரங்கட்டச் சொல்வான். ஒரு ஸ்டேட் தாண்டுவதற்கே இந்தப் பாடு. ரெண்டு தேசத்துக்கு நடுவில் ஒரு கம்புகூடக் கிடையாதாமே! யார் காதில் பூ சுற்றுகிறான் இந்த மனுஷன்?

அவள் வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. அயர்லாந்துப் பக்கத்தில் பூர்ணிமா இருக்கிறாள். வேலூர் பாகாயத்தில் நர்சிங் படித்தவள், வசந்துக்கு ஸ்கூல் தோஸ்த். "அவ அங்கதான் இருக்கா, சம்பளம் ஜாஸ்தியாம்" என்று ஒரு நாள் வீடியோ காலில் சாதாரணமாகச் சொன்னான். சாதாரணமாகச் சொன்னதுதான் ஹேமலதாவுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"அவரு அங்கயே ஓடிப்போய் தங்கிடற ஆளான்னு அந்த ஆபீசருங்க கேக்கறாங்க. வீட்ல இன்னா சொல்றாங்கன்னு நான் பதில் போடணும். இன்னாம்மா போட?"

ஹேமலதா தரையைப் பார்த்தாள். "தெரியல சார்."

அரங்கநாதன் அதை அப்படியே மெயிலில் தட்டி அனுப்பினார்.

பேக்கிங் மேஜைக்குத் திரும்பியதும் பக்கத்து ஸ்டூல் மஹ்பூபி பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! எம் புருஷன் அப்படிப்பட்டவன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?"

"பூர்ணிமா அங்க இருக்காக்கா."

"இருக்கட்டுமே. அவளப் பாக்கப் போறவன் அம்மாம் பெட்டியயும் ஏத்திக்கிட்டா போவான்? பஸ்ஸு ஓடலியா அந்த ஊர்ல?"

நியாயமான கேள்விதான். ஆனால் சந்தேகம் வந்த மனசு நியாயத்தைக் காதில் போட்டுக்கொள்ளுமா? பெட்டியே ஒரு சாக்காக இருக்கும் என்று ஹேமலதாவுக்குத் தோன்றியது. ராத்திரி சோறு இறங்கவில்லை. மாமியார் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள்.

மறுநாள் அரங்கநாதன் போனும் கையுமாக பேக்கிங் ஹாலுக்கே வந்துவிட்டார். மாட்டிய பெட்டிகளின் போட்டோ போனில் வந்திருந்தது. மிஷின்கள் நின்றன.

"பெட்டி மூலையில சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டறீங்களே, எதுக்குன்னு தெரியுமா? அது இருந்தா பார்டர் தாண்டி அயர்லாந்து போற சரக்கு. இல்லன்னா பிரிட்டன் பக்கமே நிக்கணும். அங்க குடோன் பசங்க பொட்டைப் பார்த்துத்தான் லாரியில ஏத்துவாங்க. மாட்டுன சரக்கு பூரா பிரிட்டன் பக்கம் நிக்க வேண்டியது. அதுல சிவப்புப் பொட்டு எப்படி வந்துச்சு?"

பொட்டுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பதே அங்கே ஒருத்திக்கும் தெரியாது. ஒட்டு என்றால் ஒட்டுவார்கள், வேண்டாம் என்றால் விடுவார்கள்.

"இங்க யாரோ வேணும்னேதான் ஒட்டியிருக்காங்க. அங்க ஒருத்தன் ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். யாரு அந்தக் கூட்டாளி?"

ஹாலில் இருந்த அத்தனை கண்ணும் ஹேமலதா பக்கம் திரும்பியது. புருஷன் அங்கே, பொண்டாட்டி இங்கே. வேறு யாரைப் பார்ப்பார்கள்?

"குடுங்க சார் அந்தப் போட்டோவ" என்று கிட்டத்தட்டப் பிடுங்கினாள்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பொட்டின் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. அடியில் மஞ்சளாகக் காய்ந்த வளையம். நடுவில் விரல் ரேகை.

அடக் கடவுளே!

ஆயுத பூஜை. தையல் மிஷின், கட்டிங் கத்தி, டிராலி, தண்ணீர் டிரம் வரைக்கும் பொட்டு வைத்து முடித்தும் தட்டில் சந்தனமும் குங்குமமும் மீந்துபோனது. வேலூர் லாங் பஜாரில் வாங்கிய குங்குமம், நல்ல சாயம். சுவரோரம் ஒரு வரிசைப் பெட்டி சிவப்புப் பொட்டோடு லட்சணமாக நின்றது. எதிர் வரிசை மூளியாக நின்றது. நல்ல நாளும் அதுவுமாய் இதென்ன என்று, அதே மூலையில், மோதிர விரலால், ஒன்று விடாமல் வைத்தவள் ஹேமலதாதான். "பெட்டிக்கு இன்னாடி கல்யாணமா?" என்று மஹ்பூபிகூடச் சிரித்தாள்.

"சார், இது ஸ்டிக்கர் இல்ல. குங்குமம். நான்தான் வெச்சேன்."

அரங்கநாதன் நம்பாமல் முழித்தார். அவள் கம்பெனி குடோனுக்கு இழுத்துக்கொண்டு போய், அன்று பொட்டு வைத்ததில் அனுப்பாமல் மீந்த பெட்டி ஒன்றைக் காட்டி ஈர விரலால் தேய்த்தாள். விரல் சிவந்தது. மஹ்பூபி அதை வீடியோ எடுத்தாள், அரங்கநாதன் அப்போதே அனுப்பினார். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது: பெட்டிகள் மேல் சந்தேகம் தீர்ந்தது, திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

வசந்த் போனில் பேசியது அதற்கு அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை.

"வுட்டுட்டாங்க. ஊருக்கு அனுப்பறாங்க. இனிமே எனக்கு விசா கிடைக்காதாம்." குரல் உள்ளே போயிருந்தது. "பார்டர்கிட்ட ஒரு கடையில ஷூ சோல் வுட்டுப் போவுது, வந்து பாருன்னு கூப்பிட்டாங்க, அந்தப் பக்கம் போற லாரின்னு ஏறிட்டேன். கேட்டு வரும், இறங்கிக்கலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ஹேமா. கேட்டே வரல."

"எல்லாம் என்னாலதாங்க. நான் வெச்ச பொட்டு..."

"சொன்னாங்க. பெட்டிங்க மறுநாளே கிளம்பிடுச்சு. நான்தான் உள்ள கிடந்தேன். அந்த ஆபீசரு ஒரு மெயில் படிச்சுக் காட்டுனான். பொண்டாட்டியக் கேட்டா தெரியாதுன்றாங்கன்னு. முன்னப்பின்ன தெரியாத லாரி டிரைவரு எனக்காக அவங்கிட்ட சண்ட போட்டான்."

"பூர்ணிமா அங்க இருக்காளேன்னு..."

"அதானா?" என்றான். "பெட்டிக்காக அவ்ளோ பேசுனியே. எனக்காக ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"தப்புதாங்க. ஏர்போர்ட்டுக்கு வர்றேன். எப்ப வர்றீங்க?"

"வேணாம். நானே பஸ் புடிச்சு வந்துக்கறேன்."