தாழ்ப்பாள் மேடம்

மணி அடித்து ஓய்ந்ததும் என் வகுப்புக் கதவைச் சாத்திவிடுவேன். சாத்துவதோடு நிற்பதில்லை, உள்ளே தாழ்ப்பாளும் போடுவேன். அதற்கப்புறம் கல்லூரி முதல்வரே வந்து தட்டினாலும் திறக்க மாட்டேன். ஒருமுறை அவரே வந்து தட்டினார், திறக்கவில்லை. பிள்ளைகள் எனக்குத் 'தாழ்ப்பாள் மேடம்' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். வைத்துவிட்டுப் போகட்டும். இதைவிட மோசமான பெயர்களெல்லாம் இந்தக் கட்டடத்தில் உலவுகின்றன.

எங்கள் துறை அறையில் எனக்கு எதிர் மேஜைக்காரருக்கு 'போனாப்போகுது சார்' என்று பெயர். அவர் வகுப்புக் கதவு மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். பாதி வகுப்பில் ஒருத்தன் எதையோ மென்றுகொண்டே உள்ளே நுழைவான். இவர் "வாப்பா, உக்காரு" என்று சொல்லிவிட்டு விட்ட வரியிலிருந்து தொடர்வார். வருகை குறைகிறதா, போனாப்போகுது. கட்டுரை தாமதமா, போனாப்போகுது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ரொம்ப இடம் குடுக்கறீங்க சார். தலைமேல ஏறி உக்காரப் போறாங்க."

"உக்காரட்டும் மேடம். முடியில்லாத தலை, தானே வழுக்கி விழுந்துடுவாங்க."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். பஸ் வரவில்லை, டயர் பஞ்சர், அலாரம் அடிக்கவில்லை, இதில் எதையும் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு காரணத்துக்குத்தான் என்னிடம் விடுப்பு உண்டு. வீட்டில் சாவு. அதுவும் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் என்றால்தான். இந்த விதியை நான் போட்ட நாளிலிருந்து என் மாணவர்களின் வீடுகளில் சாவு கூடிப்போனது. தேர்வு நெருங்கும் மாதங்களில் சுகாதாரத் துறை வந்து விசாரிக்க வேண்டிய அளவுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை அண்ணன் செத்தான். எந்த அண்ணன் என்று கேட்டேன். "அதே அண்ணன்தான் மேடம்" என்றான் வாய் தவறி.

பொய்யைப் பிடிக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. கண்ணைப் பார்க்க மாட்டேன். கசக்கிவிட்டால் யார் கண்ணும் சிவக்கும். 'எப்போ?' என்று மட்டும் கேட்பேன். பொய் சொல்கிறவன் நாளையும் நேரத்தையும் தயாராக வைத்திருப்பான், டக்கென்று சொல்லிவிடுவான். நிஜமாகவே பறிகொடுத்தவன் திருதிருவென்று விழிப்பான். நேற்றா, முந்தாநாளா என்பதே அவனுக்குப் பிடிபடாது. இந்த வழி இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

அந்தப் பையனை நான் மனசுக்குள் 'ஈரத்தலை' என்றுதான் கூப்பிடுவேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கட்டாயம் தாமதம். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பான். தட்ட மாட்டான், கெஞ்ச மாட்டான். வகுப்பு முடியும்வரை அப்படியே நின்றுகொண்டு கண்ணாடி வழியே கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வான். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தட்டித் திட்டு வாங்கிக்கொண்டு போகிறவனை நம்பலாம். சத்தமில்லாமல் நிற்கிறவனின் மனசில் என்ன ஓடுகிறது என்று யார் கண்டது?

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா, குளிச்சு முடிக்கறதுக்குள்ளயே பாதிப் பொழுது போயிடுதா?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல மேடம். காலைல ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டுட்டு வரணும்."

"என்ன உடம்பு?"

"கிட்னி."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு முட்டி வலி, சாருக்குச் சர்க்கரை. யாருக்குத்தான் உடம்பு நல்லா இருக்கு? சாயந்தரமாக் கூட்டிட்டுப் போறது."

"அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் காலைலதான் கிடைக்கும் மேடம்."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன். "உடம்பு சரியில்லைங்கறதுக்கெல்லாம் என்கிட்ட லீவு கிடையாது. என் ரூல் உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றான்.

அடுத்த மாதம் ஒரு வாரம் முழுக்க ஆளையே காணோம். திரும்பி வந்த அன்று துறை அறை வாசலில் வந்து நின்றான்.

"அப்பா இறந்துட்டார் மேடம்."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை. காலைல ஆறு மணிக்கு."

மூச்சுவிடக்கூட நேரமெடுக்காமல் வந்தது பதில். எனக்குள் மணி அடித்துவிட்டது. "அடப்பாவமே, போ, போய் உக்காரு" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டு, ஆபீஸில் அவன் வீட்டார் கொடுத்திருந்த செல்போன் எண்ணைக் கேட்டு வாங்கினேன். போனாப்போகுது சாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நாலைந்து தடவை அடித்தபிறகு ஓர் ஆண்குரல் எடுத்தது. பின்னால் 'பீப், பீப்' என்று ஏதோ விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

பையனின் பெயரைச் சொல்லி, "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டேன்.

"அப்பாங்க."

நான் எதிர் மேஜையைப் பார்த்தேன். போனாப்போகுது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்க செத்துட்டீங்கன்னு உங்க பையன் என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போறான்."

அந்தப் பீப் சத்தத்துக்கு நடுவே அந்த மனிதர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"சொல்லிட்டானா ராஸ்கல்? சரி மேடம், சொன்னது சொல்லிட்டான். அப்படியே வச்சுக்கோங்களேன். எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல."

"விளையாடறீங்களா? உயிரோட இருக்கற ஆளை எப்படிங்க செத்ததா வச்சுக்கறது?"

"உயிரோட இருந்து அவனுக்கு நான் என்ன பண்ணிட்டேன் மேடம்? செத்தாவது ஒரு வாரம் லீவு வாங்கிக் குடுத்தேனே."

போனை வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு. "பாத்தீங்களா சார்? அப்பனும் பிள்ளையும் கூட்டுக்களவாணிங்க!"

"அவர் ஆஸ்பத்திரில இருந்து பேசற மாதிரி இருந்துதே மேடம். அந்தச் சத்தம்…"

"லாரி ரிவர்ஸ் எடுக்குது சார். நல்லாக் கேளுங்க."

"என்னமோ. என்கிட்ட அவன் இதுவரைக்கும் ஒரு காரணமும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. கேட்டாத்தானே பொய் சொல்றதுக்கு."

இப்படிப் பேசிப்பேசித்தான் இந்தக் கல்லூரியே குட்டிச்சுவராகிக் கிடக்கிறது என்று அவரிடமே சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தினேன்.

"உங்கப்பாகிட்ட நேத்துப் பேசினேன். செத்த மனுஷனுக்கு நல்ல கணீர்க் குரல்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவனும் சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டான். நான் நிறுத்தவில்லை. அந்த ஒரு வாரமும் விடுப்பில் சேராது, இன்னும் ஒரு வகுப்பு விட்டால் தேர்வு எழுத முடியாது, வருஷமே போய்விடும் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கடைசியாக இதையும் சொன்னேன்: "இனிமே உன் வீட்டுச் சாவு எதுவும் என்கிட்டச் செல்லாது."

"சரி மேடம்" என்று உட்கார்ந்தான்.

அதன்பிறகு அவன் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. எனக்கு முன்னாலேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். தலை மட்டும் எப்போதும்போல் சொட்டிக்கொண்டிருக்கும். வேறு ஆசிரியையாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்குச் சந்தேகம்தான் கூடியது. அப்பாவைக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் விடணும் என்றானே, இப்போது யார் விடுகிறார்கள்? அப்படியானால் அந்த ஆஸ்பத்திரியும் பொய், கிட்னியும் பொய்.

"அம்மா கூட்டிட்டுப் போறாங்களோ என்னவோ" என்றார் போனாப்போகுது சார்.

"அப்போ முன்னாடியே அம்மா போயிருக்கலாமே?"

"அவங்களுக்கு வேலை இருந்திருக்கும். விட்டிருப்பாங்க."

"கதை கட்ட நீங்க உக்காந்தா அவனுக்கு என்ன கவலை?"

தேர்வுக்கு முந்தைய கடைசி வாரம் அது. அன்று நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அவன் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தான். ஆனால் தலை காய்ந்திருந்தது. இத்தனை மாதத்தில் அவன் தலையை உலர்ந்து நான் பார்த்ததே இல்லை. சட்டையைப் பார்த்தேன், நேற்றுப் போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டை, கசங்கிக் கிடந்தது. ராத்திரி வீட்டுக்கே போகவில்லை, எங்கேயோ ஊர் சுற்றிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன். மணி அடித்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வருகை எடுத்தபோது அவன் முறை வந்தது. "உள்ளேன் மேடம்." குரல் சரியாகத்தான் இருந்தது. குறித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

பெஞ்சில் போன் அதிர்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. திரும்பாமலே எனக்குத் தெரியும் அது யாருடையது என்று. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ அதிர்ந்தபோது சாக்கட்டியை வைத்துவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்க் கையை நீட்டினேன். அவன் தரத் தயங்கினான்.

"குடு. ராத்திரி பூராப் பேசினது போதாதா?"

என் கைக்கு வந்ததும் அது மறுபடி அதிர்ந்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. அம்மா என்று யார் எண்ணை வேண்டுமானாலும் சேமித்துவைக்கலாம், இந்தத் தந்திரமெல்லாம் எனக்குத் தெரியாததா? எல்லார் முன்னாலும் குட்டை உடைத்துவிடுவோம் என்று பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" ஒரு பெண்மணியின் குரல், அழுது அழுது கட்டிப்போன குரல். "அப்பாவை எங்கயோ கீழ கொண்டுபோறேங்கறாங்கடா. கையெழுத்துப் போடுங்கறாங்க. நீ வராம நான் எதுலயும் போட மாட்டேன். அந்த மனுஷன் தனியாக் கிடக்காருடா. எங்க இருக்க நீ?"

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அன்று நான் லாரி என்று சொன்ன அந்தப் பீப் சத்தம் இல்லை. அப்போதுதான் அது என்ன சத்தம் என்று எனக்கு உறைத்தது.

அப்படியும் என் புத்தி போகவில்லை. போனைக் கீழே இறக்கி அவனிடம் கேட்டேன்.

"எப்போ?"

அவன் விழித்தான். ஜன்னலைப் பார்த்தான், வெளிச்சத்தை வைத்து நேரம் கண்டுபிடிப்பவன் மாதிரி. "இருட்டா இருந்துது மேடம்… இல்ல, விடிஞ்சிருந்துதோ… நர்ஸ் வந்து… தெரியல மேடம்."

என் வழி என்னைக் கைவிடவில்லை.

"ஏன்டா இங்க வந்த?" கத்திவிட்டேன். "என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லடா!"

"எப்படி மேடம் சொல்றது? அதான் ஏற்கெனவே சொல்லிட்டேனே."

எழுந்து நின்று கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். "நான் லீவு போட்ட அந்த வாரமே அப்பாவை ஆஸ்பத்திரில சேத்துட்டோம் மேடம். அப்பாதான் சொன்னார். போன வாரம். 'எனக்கு எது ஆனாலும் நீ கிளாஸுக்குப் போயிடணும். என் சாவைத்தான் நீ முன்னாடியே செலவு பண்ணிட்டியே, இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்'னு சிரிச்சார். அம்மாகிட்ட இப்ப வந்துடறேன்னு சொல்லிட்டு ஓடிவந்தேன். அட்டெண்டன்ஸ் குடுத்துட்டு உடனே போயிடலாம்னுதான் மேடம் வந்தேன். நீங்க தாழ்ப்பாள் போட்டுட்டீங்க."

போனை அவன் கையில் திணித்தேன். கதவுக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன், என் முட்டி வலியோடு. நானே போட்ட தாழ்ப்பாள் எனக்கே சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். அவன் என்னைத் தாண்டி, "வந்துட்டேம்மா, இதோ வந்துட்டேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே தாழ்வாரத்தில் ஓடினான். நான் பின்னாலேயே இரண்டு எட்டு போனேன். எதுவும் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? படிக்கட்டில் அவன் காலடிச் சத்தம் இறங்கி மறைந்தது.

வெளியே தாமதமாக வந்த ஒரு பெண் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். திறந்த கதவையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மேடம், எங்க அம்மாவுக்கு…" என்று ஆரம்பித்தாள்.

'பொய்' என்று எனக்குள் ஒன்று அந்த நொடியே சொன்னது. அந்த நேரத்திலும் சொன்னது.

"சொல்லாதம்மா" என்றேன். "உள்ள வா. உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், காரணம் மட்டும் சொல்லாத."