கல்லிலிருந்து நேராக

தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துச் செதுக்குக் கத்தியைச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தான் தம்பி. அடுத்த அறையில் அண்ணன் சவப்பெட்டிக்குள் கிடந்தார். மூடி மட்டும் பட்டறை மேசைமேல் இருந்தது. அதில் அவர் பெயரை வெட்ட வேண்டும், தம்பிதான் வெட்ட வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கத்தி தீட்டுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. அண்ணன் யாரையும் கல்லைத் தொட விட்டதில்லை. உள் அறையில் உட்கார்ந்து எல்லோருடைய கத்தியையும் அவரே தீட்டுவார். தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவன் கத்தியைத்தான் முதலில் முடித்து, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்து கையில் கொடுப்பார். மற்றவர்கள் காத்திருப்பார்கள். தம்பிக்கு அதில் ஒரு பெருமை. ஆனால் மரத்தில் வெட்டியதெல்லாம் பிய்ந்துதான் போயிற்று. "உனக்குக் கை வராதுடா" என்று அண்ணன் உப்புத்தாளைக் கொடுத்தார். மற்றவர்கள் செதுக்கியதைத் தேய்த்துத் தேய்த்தே அவன் தலை நரைத்துவிட்டது.

"கத்திய தீட்டுறியா, குளிப்பாட்டுறியா?" அவனோடு வேலைக்குச் சேர்ந்த செதுக்குக்காரன் மொட்டை வந்து நின்றான்.

தம்பி விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். சுருக்கென்றது. துண்டுக் கட்டையில் ஓட்டினான். முதல் இழுப்புக்கு வெட்டியது. அடுத்ததற்கு நாரைப் பிய்த்தது. அன்று பிய்த்த மாதிரியே.

"பாத்தியா, அண்ணன் சொன்னது சரிதான். எனக்கு வராது."

"கைய ஏம்பா திட்டுற? தோல்ல இழுத்தியா?"

"எந்தத் தோலு?"

சிரிக்கப் போன மொட்டை நிறுத்திக்கொண்டான். "கல்லுலேர்ந்து எடுத்தா விளிம்புல பிசிர் நிக்கும். தொட்டா கூர் மாதிரி தெரியும், மரத்துல பட்டதும் மடங்கிடும். தோல்ல இழுத்து அத எடுக்கணும். எங்க கத்திய எல்லாம் உங்கண்ணன் தோல்ல இழுத்துட்டுதானே குடுப்பாரு. அதுக்குத்தானே நாங்க காத்துக்கிட்டு நிப்போம்."

மொட்டையே போய், தோல் ஒட்டிய பலகையை உள்ளேயிருந்து எடுத்துவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

தம்பி இழுத்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு மூடியில் முதல் எழுத்தை வெட்டினான். சீவல் சுருண்டு விழுந்தது. எழுத்தின் ஓரம் வழவழவென்றிருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே வருது! அவருக்கு உம்மேல உசுருப்பா. 'இவனுக்குக் கத்தி படிஞ்சிட்டா தனியாக் கடை போட்டுப் போயிடுவான், எங்கூடவே கெடக்கட்டும்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"எப்ப சொன்னாரு?"

"நீ வேலைக்குச் சேந்த புதுசுலயே."

தம்பி மீதி எழுத்துகளையும் வெட்டி முடித்தான். எதுவும் பிய்யவில்லை.

மூடியைப் பெட்டியருகே கொண்டுபோனார்கள். ஒரு முனையை அவன் பிடித்திருந்தான்.

"மூடுறதுக்கு முன்னால அண்ணன் முகத்த ஒரு தடவ பாத்துக்கோப்பா" என்றாள் அண்ணி.

அவன் குனிந்து, பெயருக்குள் தங்கியிருந்த மரத்தூளை ஊதிக்கொண்டிருந்தான்.