விலைவாசி ஏறிய சுவர்

சுடலைமுத்துவின் வீட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பிய அன்று விலைவாசி வந்து அதில் ஏறி உட்கார்ந்தார். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே யார் வீடு கட்டினாலும் அவர் வந்துவிடுவார். வெள்ளைச் சட்டை, கையில் தூக்குவாளி. ஒருவரையும் தொந்தரவு செய்ய மாட்டார். சுவர் நெஞ்சளவு ஆனதும் நெஞ்சளவுக்கு ஏறிக்கொண்டார். இறங்குகிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

சிமெண்ட் கடைக்காரர் நெற்றியில் கையை வைத்து, அவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். செங்கல்லுக்கும் கம்பிக்கும் அதேதான். நெஞ்சளவோடு வேலை நின்றது.

பங்குனியில் மகள் வடிவு தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். வாடகை வீட்டில் இரண்டு பேர் படுத்தால் மூன்றாமவர் உட்கார்ந்துதான் தூங்க வேண்டும். மினிபஸ் ஓட்டும்போதெல்லாம் சுடலைமுத்துவுக்கு அந்த நினைப்புத்தான்.

"ஏங்க, அவரை இறங்கச் சொல்லிப் பாருங்களேன்," என்றாள் மனைவி கோமதி.

"சொன்னேன். கீழ என்ன இருக்குன்னு கேக்காரு."

கொத்தனார் சவரிமுத்து பீடியை அணைத்தார். "அண்ணாச்சி, மேல பாத்துக் கட்டினாத்தானே ஏறுவாரு? கூரையைத் தரையிலயே போட்டுருவோம். பொறவு கீழ பாத்துக் கட்டிட்டுப் போவோம்."

"அஸ்திவாரம்?"

"அது கடைசியில. இப்ப என்ன அவசரம்?"

கட்டிய சுவர் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவராக நின்றுகொண்டது. அதற்குள், தரையில், கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். அடியில் தோண்டத் தோண்ட முதலில் மின்விசிறிக் கொக்கி, பிறகு பரண், பிறகு ஜன்னல் என்று வீடு கீழே வளர்ந்தது. ஏறுவதற்கு ஏதாவது வருமா என்று விலைவாசி ஒரு மாதம் பார்த்தார். பிறகு எழுந்து படியைத் தேடினார். இருந்த ஒரே படி கீழேதான் போயிற்று.

இறங்கினார். அடுப்படியில் கோமதி சொதி வைத்திருந்தாள்.

"வாங்க, சாப்பிடுங்க."

"கொஞ்சம் தலை சுத்துதும்மா. எறங்கிப் பழக்கமில்ல," என்றவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பத்திரிகையில் விலைவாசி இறங்கியதாகச் செய்தி வந்தது. கடைக்காரர் நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் தேடிவிட்டு, பழைய விலைக்கே சிமெண்ட் கொடுத்தார்.

தரை போட்டாயிற்று. ஒரு மூலையில் துளை விட்டு அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது சவரிமுத்துவின் கடப்பாரை காற்றில் இறங்கியது. துளைக்குக் கீழே ஒரு பெண் அண்ணாந்து பார்த்தாள். அவளைச் சுற்றிலும் கூரையில்லாத நான்கு சுவர்கள்.

"மதினி, எங்களுக்குச் சுவரோட நின்னுபோச்சு. உங்க தரையை எங்க கூரையா வச்சிக்கிடட்டுமா?"

"தாராளமா," என்றாள் கோமதி. "உங்க சுவரை நாங்க அஸ்திவாரமா வச்சிக்கிடுதோம்."

"ரெண்டு வீட்டு வேலை, ஒரு வீட்டுக் கூலி," என்றார் சவரிமுத்து. "இந்தத் துளையை அடைக்கவா, படி வைக்கவா?"

"படியே வையும். நல்லது கெட்டதுக்குப் போய் வர வேண்டாமா?" என்றார் சுடலைமுத்து.

பங்குனி இரண்டாம் வெள்ளிக்கிழமை சுடலைமுத்து தெருவில் நெடுநேரம் காத்திருந்தார். வடிவு வரவில்லை. உள்ளே திரும்பியபோது, கீழ்வீட்டுப் படி வழியாக அவள் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"பஸ் அந்தப் பக்கந்தாம்ப்பா நின்னுச்சு," என்றாள்.

சுடலைமுத்து குனிந்து அவள் கையிலிருந்த பைகளை வாங்கிக்கொண்டார்.