முன்னூற்றுப் பன்னிரண்டாம் குழாய்

நத்தமேட்டில் முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அத்தனை வீட்டுக்கும் குழாய் உண்டு. இதைச் சொல்வதற்காகவே, தாம்பரத்திலிருந்து வரும் பேருந்து திரும்புகிற முனையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பலகை முதலில் வந்தது, குழாய் பிறகு வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை ஊராட்சித் தலைவர் குமரவேல் எதிர்க்கட்சிக்காரர்கள் என்பார். பலகையில் அவருடைய புன்னகை எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் இடத்தில் 'நூறு விழுக்காடு தூய குடிநீர்' என்று எழுதியிருக்கும்.

கடைசிக் குழாய் கோகிலவாணி வீட்டுடையது. குட்டைத் தெருவின் கோடி வீடு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பும் தண்ணீர், முதலில் தலைவர் வீட்டுக்குப் போய் முகம் காட்டிவிட்டு, கோயில் தெருவைச் சுற்றி, குட்டைத் தெருவுக்கு வரும் வழியில் சாக்கடைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறும். ஏரிப் பக்கம் புதிதாக முளைத்த வில்லாக்களின் கழிவெல்லாம் வழிகிற சாக்கடை அது. உள்ளே குழாய் எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விட்டிருக்கிறது என்பது மூக்கு உள்ள எல்லோருக்கும் தெரியும். காலை ஏழு மணிக்குத் திறந்தால் முதல் கால் மணி நேரம் டீ கிளாஸ் கழுவின தண்ணீர் போல வரும். பிறகு நிறம் தெளியும். நாற்றம் மட்டும் கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"இன்னா ஜீவா இது, தண்ணியா கஷாயமா?" என்று தொட்டி ஆபரேட்டர் ஜீவானந்தத்தை அவள் கேட்காத வாரம் இல்லை.

"தொட்டிலருந்து நான் நல்லாத்தான்க்கா அனுப்பறேன். வழியில அது யாரோட சேந்துகினு வருதுன்னு எனுக்கு இன்னா தெரியும்?" என்பான் அவன், பெண்ணைப் பெற்ற தகப்பன் மாதிரி.

கோகிலவாணிக்குத் தெரியும். ஊருக்கு ஐந்து பெண்கள் என்று மகளிர் குழுவிலிருந்து பொறுக்கி, ஒன்றிய அலுவலகத்தில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம். சோதனை பதினோரு நிமிடம். நன்றியுரை நீண்டதால் சோறு ஆறிவிட்டது. மற்ற நால்வரும் சோதனைப் பெட்டியைப் பரணில் போட்டார்கள். இவள் மட்டும் அந்தப் பதினோரு நிமிடத்தை அப்படியே மனத்தில் வைத்திருந்தாள். சின்னக் குப்பியில் கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி வைக்க வேண்டும். உள்ளே மருந்து இருக்கிறது. இரண்டு நாளுக்குள் தண்ணீர் கறுத்தால் அதில் மலக்கிருமி இருக்கிறது. முடிவை அரசாங்கத்தின் கைபேசி ஆப்பில் ஏற்ற வேண்டும். அவள் வீட்டுத் தண்ணீர் இரண்டு நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் கறுத்து நின்றது.

வேறு சமயமாக இருந்தால் அவளும் ஊரோடு ஒத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருப்பாள். ஆனால் ஒரே மகள் ரேஷ்மாவுக்கு ஏழாம் மாதம். பெரும்பாக்கத்திலிருந்து வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சேலையூரில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, ஊர்ப் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க பக்கத்துலேர்ந்து மஞ்சள் காமாலை கேஸ் நிறைய வருதும்மா. இந்த மாசத்துல அது வந்தா தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. தண்ணி விஷயத்துல மட்டும் ரிஸ்க் எடுக்காதீங்க."

கேன் தண்ணீர் வண்டி ஒருமுறை குட்டைத் தெருச் சேற்றில் மாட்டிக்கொண்டதிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை. ஆகவே கோகிலவாணி தண்ணீரைத் தெளியவிட்டு, மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி, கொதிக்க வைத்து, எவர்சில்வர் குடத்தில் மூடி வைத்தாள். எத்தனை நாளைக்கு? கறுத்த குப்பியைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள்.

குமரவேல் குப்பியைக் கையில் வாங்காமலே பார்த்தார். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர். எதையும் தூர நின்று பார்ப்பது தொழில் பழக்கம்.

"அக்கா, மாவட்டத்துலயே முன்மாதிரி குடிநீர் கிராமம்னு நம்ம பேர் போயிருக்கு. இந்த நேரத்துல இதை நீங்க ஆப்ல ஏத்துனா, ஊர் மேல சிவப்புப் புள்ளி விழும்."

"தெருவுல காமாலை வியுந்துக்கீதே தலைவரே."

"அது வேற டிபார்ட்மென்ட்."

"அப்ப எங்க கொயாலருந்து சாம்பிள் எடுத்து லேப்புக்கு அனுப்ப சொல்லுங்க."

தலைவர் சிரித்தார். சாம்பிள் எப்போதும் தலைவர் வீட்டுக் குழாயில்தான் எடுக்கப்படும். இது சட்டமல்ல, வழக்கம். ஆகவே சட்டத்தைவிட உறுதியானது. அங்கே நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, காபியோடு முறுக்கும் உண்டு. தொட்டிக்கு நேர் கீழே இருப்பதால் தண்ணீரும் நன்றாக இருக்கும்.

கோகிலவாணி விடவில்லை. மூன்று மனு கொடுத்தாள். நான்காம் முறை மனு இல்லாமலே ஒன்றிய அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் உதவிப் பொறியாளர் ராகவேந்திராவுக்கு அவளைத் தாண்டிப் போய் டீ குடிப்பது சங்கடமாகிவிட்டது.

"திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வரேன்மா. உங்க குழாய்லயே எடுக்கறேன். லேப்ல மோசம்னு வந்துட்டா, சாக்கடைக்கு மேல புது லைன் போட எஸ்டிமேட் போட்டுடலாம்."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு மோசம்தான். அன்றைக்கு மட்டும் பதினோரு மணி தாண்டியும் வால்வைத் திறந்து வைக்க ஜீவானந்தம் ஒப்புக்கொண்டான். வாசல் பெருக்கப்பட்டது. பக்கத்து வீட்டிலிருந்து நல்ல நாற்காலி ஒன்று வந்தது.

"இன்ஜினியர் சார் நம்ம வூட்டுக்காகவே வராரு. நல்லா கவனிச்சிக்கணும், இன்னா?" என்று ரேஷ்மாவிடம் சொல்லி வைத்தாள்.

பதினோரு மணிக்கு என்றவர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். அரசாங்கம் முன்கூட்டியே வந்தது நத்தமேட்டில் அதுதான் முதல் தடவை. அதற்கு யாரும் தயாராக இருக்க முடியாது. கோகிலவாணி அவருக்குக் காபி போடப் பால் வாங்கப் போயிருந்தாள்.

குழாய்க் கம்பம் சாக்கடை ஓரச் சேற்றில் நின்றது. ராகவேந்திராவின் ஷூ வெள்ளை. அவர் ஜீப்பை விட்டு இறங்காமல், கைபேசியில் யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டே, ஜன்னல் வழியாக ஒரு பாட்டிலை நீட்டினார்.

"தண்ணி பிடிச்சுக் குடும்மா."

இதில் ரேஷ்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. வீடு தேடி வந்த பெரிய மனிதர் தண்ணீர் கேட்டால், தான் வாயில் வைக்காததைக் கொடுத்து அனுப்புகிற குடும்பமல்ல அது. லேபில் கொதிக்க வைத்து அனுப்பிய பாட்டிலில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். எவர்சில்வர் குடத்தின் மூடியைத் திறந்தவள், ஒரு சந்தேகம் வந்து வாசலுக்கு வந்தாள்.

"சார், சீரகத் தண்ணியா, சாதாவா?"

"சாதா போதும்மா," என்றார் அவர், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

பால் பாக்கெட்டோடு கோகிலவாணி வந்தபோது தெருச் சேற்றில் ஜீப்பின் சக்கரத் தடம்தான் இருந்தது.

"யம்மா, ஆபீசரு வந்துட்டு பூட்டாரு. ரொம்ப நல்ல மனுசன்."

"தண்ணி எட்த்துகினாரா?"

"நான்தான் குட்த்தேன்."

"எதுலருந்து?"

"கொடத்துலருந்துதான். நேத்து நீ காய்ச்சி வெச்சியே, அது." தாயின் முகத்தைப் பார்த்து ரேஷ்மாவின் குரல் தேய்ந்தது. "பின்ன, அந்த நாத்தம் புடிச்சதையா ஆபீசருக்கு குடுப்பாங்க? நம்மள இன்னா நெனைப்பாரு?"

கோகிலவாணி திட்டவில்லை. அவள் வீட்டிலிருந்திருந்தாலும் கை முதலில் குடத்துக்குத்தான் போயிருக்கும் என்பது அவளுக்கே தெரிந்தது. போன் போட்டாள். பொறியாளர் அதற்குள் கேம்ப் ரோட்டில் இருந்தார்.

"சீல் வெச்சு ஐஸ் பெட்டில போட்டாச்சும்மா. நம்பரும் விழுந்துடுச்சு."

"சார், அது காய்ச்சின தண்ணி சார்!"

"அப்ப நல்ல ரிசல்ட்டாத்தான் வரும், பயப்படாதீங்க."

"ஐயோ சார், அது எங்க கொயா தண்ணி இல்ல. இன்னொரு வாட்டி எடுங்க சார்."

"ஒரு பாயிண்ட்டுக்கு ஆறு மாசத்துக்கு ஒண்ணுதாம்மா. ரூல்."

ரேஷ்மாவின் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு இந்த ரூல் தெரியாது. அது இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

முடிவு ஐந்தாம் நாள் வந்தது. குழாய் எண் முன்னூற்றுப் பன்னிரண்டு: குடிக்கத் தகுந்தது. கிருமி இல்லை. தலைவர் அதை லேமினேட் செய்து ஊராட்சி அலுவலகத்தில் மாட்டினார், வாட்ஸ்அப் குழுவில் போட்டார், போட்டதற்கு அவரே கைகூப்பும் படத்தையும் போட்டார். கோகிலவாணி பிடிவாதமாகத் தன் சோதனையை ஆப்பில் ஏற்றிப் பார்த்தாள். 'ஆய்வக முடிவு உள்ளது. பதிவு ஏற்கப்படவில்லை' என்று பச்சை எழுத்தில் வந்தது.

கிராம சபைக் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். வர மாட்டேன் என்றவளைக் குழுப் பெண்கள் இருபுறமும் பிடித்து ஏற்றிவிட்டார்கள். குமரவேல் பொன்னாடை போர்த்தி, "கடைக்கோடி வீட்டிலும் தூய நீர் என்பதை ஆய்வகம் வரை போராடி நிரூபித்த வீரமங்கை!" என்றார். அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பொன்னாடை தோளிலிருந்து நழுவ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அது கொயா தண்ணி இல்லீங்க. என் பொண்ணு காய்ச்சின தண்ணிய குட்த்துட்சி. யாரும் காய்ச்சாம குடிக்காதீங்க. தயவு பண்ணி..."

தலைவர் பதறவில்லை. மேடைகளிலேயே வளர்ந்தவர். மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா! சுத்தமான தண்ணியையும் காய்ச்சிக் குடிக்கிற விழிப்புணர்வு! இதுதான் நம்ம நத்தமேடு!"

கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் கிளியம்மாள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். எதிர்வீட்டுக்காரி, போன மாதம்தான் காமாலையில் படுத்து எழுந்தவள். மறுநாள் காலை குழாயில் பிடித்ததை அப்படியே சொம்பில் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனுக்கே காமாலை வந்துச்சேக்கா!"

"அது போன மாசம்டி. இப்பத்தான் உன் வூட்டு தண்ணி நல்லாக்கீதுன்னு சர்க்காரே சொல்லிட்ச்சே. இன்னும் இன்னாத்துக்கு கேஸ வேஸ்ட் பண்றது?"

குட்டைத் தெருவில் வீடு வீடாக அடுப்பு அணைந்தது. கோகிலவாணி போய்ச் சொன்ன இடத்திலெல்லாம் அவள் வீட்டுக் குழாயின் எண்ணையே அவளிடம் திருப்பிச் சொன்னார்கள்.

இனி ஒரே வழிதான். பிள்ளை பிறக்கும் வரை ரேஷ்மா பெரும்பாக்கத்திலேயே இருக்கட்டும். மானத்தை விட்டு, சம்பந்தி திரிபுரசுந்தரிக்குப் போன் செய்தாள்.

"இங்க தண்ணி சரியில்லீங்க அண்ணி. புள்ளத்தாச்சிய ரெண்டு மாசம் அங்க வெச்சிக்கிட்டீங்கன்னா..."

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

"உங்க வூட்டு தண்ணி சுத்தம்னு பேப்பரே வந்துச்சே. மேடையில உங்களுக்கு சால்வ போத்துன போட்டோவும் வந்துச்சே. என் புள்ளதான் காட்டுனான்." குரல் இறங்கியது. "தலப்பிரசவம் பாக்க கஷ்டம்னா கஷ்டம்னு சொல்லுங்களேன். இன்னாத்துக்கு தண்ணி மேல பயி போடறீங்க?"

போன் வைக்கப்பட்டது.

அன்றிலிருந்து அவள் குடிக்க, சமைக்க, அரிசி களைய, கீரை அலச, தட்டு கழுவ, பல் துலக்க எல்லாவற்றுக்கும் கொதிக்க வைத்தாள். ஒரு அடுப்பில் சோறு, ஒரு அடுப்பில் தண்ணீர் என்றிருந்தது, இரண்டிலும் தண்ணீர் என்றாகிவிட்டது. ஆனால் ஏழு மாதக் கர்ப்பிணி மே மாத வெயிலில் இரண்டு முறை குளிக்கிறாள். அந்த இரண்டு பெரிய பக்கெட்டுகளைக் காய்ச்ச வீட்டில் பாத்திரமும் இல்லை, அடுப்பும் இல்லை.

குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே மகள் முதல் சொம்பை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கோகிலவாணி கதவோடு காதை ஒட்டி நின்றாள்.

"ரேஷ்மா, வாய மூடிகினு குளி."

"மூடிகினுதாம்மா கீறேன்."

"மூடிகினு கீறவ எப்டிடி பேசற?"

உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.