டப்பாவில் மிஞ்சிய நான்கு

டப்பா காலியாக இருந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஏழு கேப்சூல், ஏழையும் விழுங்கியாகிவிட்டது. ஆனால் நர்ஸ் தட்டில் கவிழ்த்தபோது நான்கு விழுந்தன. போன வாரம் இரண்டு.

"நனைஞ்சு காஞ்ச மாதிரி இருக்கே," என்றாள் நர்ஸ்.

"சத்தியமா எல்லாத்தையும் முழுங்கினேன் சிஸ்டர்," என்றான் லிஃப்ட் மெக்கானிக். "அக்கா முன்னாடிதான் தினமும் போடறேன்."

கூட வந்திருந்த அக்கா ஆமென்று தலையாட்டினாள்.

தூங்க ஒரு போதை ஊசி, எழுந்து வேலைக்குப் போக ஒரு போதைப் பொடி என்று எட்டு வருஷம் இரண்டுக்கும் நடுவே பந்தாடப்பட்டவன் அவன். ஆஸ்பத்திரியில் தினமும் கொடுத்த சிரப்பில் ஊசி ஆசை அடங்கியது. பொடி மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்குத்தான் இந்தக் கேப்சூல், புது மருந்துச் சோதனை. பொடியைப் போலவே உடம்பை விழிக்க வைக்கும், ஆனால் நிதானமாக வேலை செய்யும் மருந்து. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

அக்கா வீட்டிலேயே தைப்பவள். மறுநாள் தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தாள். சாயங்காலம் அதை அவனிடம் நீட்டினாள்.

காலை பத்து மணி, அறையெல்லாம் வெயில். அவன் கேப்சூலை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறான், வாயைத் திறந்து காட்டுகிறான். அக்கா உள்ளே போகிறாள். அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கண் இமைக்கவில்லை. பிறகு கன்னத்து ஓரத்திலிருந்து கேப்சூலை எடுத்துச் சட்டையில் துடைத்து, டப்பாவில் போட்டு மூடுகிறான். மெல்லத் திரும்பி நேராகப் போனைப் பார்க்கிறான். உதட்டில் விரலை வைக்கிறான்.

அவன் வீடியோவை மறுபடி ஓடவிட்டான். தண்ணீர் குடித்தது ஞாபகம் இருந்தது. மற்றது எதுவும் இல்லை.

நர்ஸும் அந்த வீடியோவைப் பார்த்தாள். "இனிமே இங்கயே வந்து போடுங்க. இருபது நிமிஷம் என் எதிர்ல உக்காரணும்."

"சரி. ஆனா அவனை என்ன பண்ணுவீங்க?"

"யாரை?"

போனில் உதட்டில் விரல் வைத்து நின்றவனை அவன் தொட்டுக் காட்டினான்.

முதல் நாள் கேப்சூல் தொண்டையில் இறங்கியதும் வலது கை தானாக வாயை நோக்கி எழுந்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தான். இருபது நிமிஷம் இருபது வருஷமாகப் போனது. அடுத்த வாரம் கை சும்மா கிடந்தது. எட்டாம் வாரம் சிறுநீர்ப் பரிசோதனையில் பொடி இல்லை. அடுத்த வாரமும் இல்லை. பன்னிரண்டாம் வாரம் மருந்துச் சோதனை முடிந்தது. அவனுக்குக் கிடைத்தது மருந்தா மாவா என்பதை எல்லோருடையதும் முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். சிரப் மட்டும் தொடர்ந்தது. பழைய கம்பெனியே அவனை வேலைக்குக் கூப்பிட்டது.

வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் அவன் சாப்பிடும்போது அக்கா எதிரில் உட்கார்ந்து வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"நீதானான்னு பாக்கறேன்."

"நான்தான்க்கா," என்றான் அவன். சொன்ன குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இனித்தது. அக்கா கண்ணை எடுக்கவில்லை.